காருக்குள் இரைச்சல்: ஒட்டும் ஷீட் எதைச் செய்யும், எதைச் செய்யாது

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு கார் ஆக்சசரீஸ் கடைக்குள் நுழைந்து, "வண்டிக்குள்ள சத்தம் ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கோவையில் சொன்னாலும் மதுரையில் சொன்னாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். கடைக்காரர் ஒரு தகரத் துண்டை எடுத்து விரல் முட்டியால் தட்டுவார். டங்ங் என்று கேட்கும். அப்புறம் இன்னொரு தகரத் துண்டு. அதன் முதுகில் வெள்ளியாய்ப் பளபளக்கும் ஷீட் ஒட்டியிருக்கும். அதையும் தட்டுவார். டொக். "பாத்தீங்களா சார், சவுண்டே செத்துப்போச்சு!"

அந்தச் சோதனையில் பொய் ஏதும் இல்லை. அந்த 'டங்'கை ஷீட் உண்மையிலேயே கொன்றுவிட்டது. ஆனால் நாம் பைபாஸில் போகும்போது யாரும் கதவை முட்டியால் தட்டிக்கொண்டே கூட வருவதில்லையே.

நானும் ஒரு காலத்தில் அந்த 'டொக்'கை நம்பியவன்தான். பழைய ஹேட்ச்பேக் ஒன்றின் சீட்டுகளைக் கழற்றி, மேட்டிங்கைத் தூக்கி, தரை முழுக்க ஒரு அங்குலம் விடாமல் ஒட்டவைத்தேன். கதவுகளிலும் ஒட்டினார்கள். வேலை முடிந்து கதவைச் சாத்தினால் பெரிய காரைப் போல 'தப்' என்று மூடியது. மனம் நிறைந்தது. மறுநாள் நெடுஞ்சாலையில் 80-ஐத் தொட்டதும் அதே பழைய 'ஹோ'. ஒரு வருடம் கழித்து டயர் தேய்ந்து நாலையும் மாற்றியபோதுதான் அந்த 'ஹோ'வில் பாதி காணாமல் போனது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. நான் கேட்ட கேள்வியே தப்பு.

இந்தக் குழப்பத்துக்குப் பெயர்களும் ஒரு காரணம். டேம்பிங், சவுண்ட் புரூஃப், இன்சுலேஷன், டைனமேட் என்று எல்லாவற்றையும் ஒரே பொருளில் சொல்கிறோம். கடைசியாகச் சொன்னது ஒரு அமெரிக்கத் தயாரிப்பின் பெயர். ஜெராக்ஸ் மாதிரி அதுவும் பலருக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. உண்மையில் இரைச்சலைக் குறைப்பதில் நான்கு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. நான்குக்கும் பொருள் வேறு, ஒட்டும் இடம் வேறு. பளபளக்கும் ஷீட் செய்வது அந்த நான்கில் ஒன்றை மட்டும்.

சேகண்டியைப் பிடித்துப் பாருங்கள்

கோயில் சேகண்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு அடித்தால் ஓசை வெகுநேரம் நிற்கும். அடித்த கையோடு விளிம்பை இரண்டு விரலால் பிடித்தால் சட்டென்று அடங்கிவிடும். விரல் என்ன செய்தது? அடி வாங்கிய உலோகம் முன்னும் பின்னுமாக வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அந்த அசைவின் சக்தியை விரலின் சதை வாங்கிக்கொண்டு, நமக்குத் தெரியாத அளவு மிகச் சிறிய சூடாக மாற்றிவிட்டது. இதற்குத்தான் டேம்பிங் என்று பெயர். தமிழில் அதிர்வுத் தணிப்பு என்று சொல்லலாம்.

இதோடு இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவை பிசைந்து ஒட்டுவார்கள். தோலின் எடை கூடியதும் ஓசை கீழே இறங்கிக் கனக்கும். பறையைத் தீயில் காட்டினால் தோல் இறுகி ஓசை மேலே ஏறும். எடை கூடினால் சுருதி இறங்கும், இறுக்கம் கூடினால் ஏறும். இரண்டிலும் ஓசையின் குணம் மாறுகிறதே தவிர அது சாவதில்லை. கார் கதவில் கனமான எதை ஒட்டினாலும் தட்டும்போது ஓசை கனத்துத்தான் கேட்கும். ஆகவே 'சத்தம் கனமாயிருச்சு' என்பதை வைத்து மட்டும் ஷீட்டின் தரத்தை எடை போடாதீர்கள். 'டங்' எவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்று கவனியுங்கள்.

காரில் இது எங்கே தேவைப்படுகிறது? கார் கதவின் வெளித்தகடு 0.7 மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். கூரையும் அப்படித்தான். இத்தனை மெல்லிய தகடு ஒவ்வொன்றுக்கும் 'இந்த வேகத்தில் ஆட்டினால் நான் எளிதாக ஆடுவேன்' என்று சில அலைவரிசைகள் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஒரு விரலே போதும் அல்லவா, அதுபோல. இதை ஒத்ததிர்வு என்பார்கள். எஞ்சினிலிருந்தோ சாலையிலிருந்தோ வரும் நடுக்கம் அந்த அலைவரிசையைத் தொட்டுவிட்டால் தகடே ஸ்பீக்கர் ஆகிவிடும். தகரக் கூரையின் கீழ் மழை நாளில் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. காரின் கூரை மழையில் படபடப்பதும் அதே தகரக் கூரை விவகாரம்தான். அங்கே இந்த ஷீட் அற்புதமாக வேலை செய்யும்.

ஷீட்டுக்குள் என்ன நடக்கிறது

192 பக்க நோட்டு ஒன்றை எடுத்து லேசாக வளையுங்கள். விளிம்பைப் பாருங்கள். பக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சாய்ந்திருக்கும். இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் பலாப்பழப் பால் மாதிரிப் பிசுபிசுப்பான ஒன்றைத் தடவியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வளைக்கவும் சிரமம், விட்டால் துள்ளி நிமிரவும் சிரமம். வளைக்கச் செலவான சக்தியில் பெரும்பகுதி அந்தப் பிசின் இழுபட்டதிலேயே தீர்ந்துவிடும்.

ஷீட் வேலை செய்வதும் இப்படித்தான். கீழ்ப்பக்கம் காரின் தகடு, மேல்பக்கம் அலுமினியத் தாள், நடுவில் பிசுபிசுப்பான ரப்பர். தகடு வளைய முயலும்போது மேலே இருக்கும் அலுமினியம் அதற்கு ஈடுகொடுத்து நீளாமல் முரண்டு பிடிக்கும். நடுவில் மாட்டிய ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றும். வெறும் பிசினை ஒட்டினாலும் பலன் உண்டு. ஹெர்மன் ஓபர்ஸ்ட் என்ற ஜெர்மானியர் 1952-இல் அதை அளந்து கணக்கிட்டுக் காட்டினார். மேலே இன்னொரு தாளையும் போட்டால் பலன் பல மடங்கு ஏறும் என்பதை எட்வர்ட் கெர்வின் 1959-இல் வெளியிட்ட கணக்கு விளக்கியது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். முதலாவது, அலுமினியம் அழகுக்கு ஒட்டியதில்லை. பாதி வேலையைச் செய்வதே அதுதான். நகத்தால் அழுத்தினால் கிழிகிற, பிஸ்கட் உறை மாதிரியான வெள்ளித் தாள் இருந்தால் அந்த ஷீட் பாதி ஷீட். 0.1 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் கைக்கே அதன் விறைப்பு தெரியும். (வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் அந்த வெள்ளித் தாள் என்று சிலர் சொல்வார்கள். பளபளப்பான பரப்பு வெப்பத்தைத் திருப்ப வேண்டுமென்றால் அதன் முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். மேட்டிங் அதன் மேல் படுத்துக்கொண்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.)

இரண்டாவது, முழுப் பரப்பையும் மூட வேண்டிய அவசியம் இல்லை. தகடு அதிகமாக ஆடுவது நடுவில்தான். ஓரங்கள் ஏற்கெனவே மடித்தும் வெல்டிங் வைத்தும் இறுக்கமாக இருக்கும். நடுவில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மிச்சத்தையும் மூடினால் செலவும் எடையும் ஏறுவதற்கு ஏற்ப அமைதி ஏறாது. 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ இருக்கும். தரை, கூரை, நான்கு கதவு, டிக்கி என்று முழுக்க ஒட்டினால் ஒரு அரிசிச் சிப்பத்தை எப்போதும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம்.

மற்ற மூன்று வேலைகள்

புது வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். சாமான் எதுவும் வரவில்லை. பேசினால் குரல் எதிரொலிக்கிறது. மெத்தை, சோபா, திரைச்சீலை எல்லாம் வந்து சேர்ந்ததும் எதிரொலி போய்விடுகிறது. பஞ்சின் நுண்ணிய இடைவெளிகளுக்குள் புகுந்த ஒலி, இழைகளில் உரசி உரசிச் சூடாகி அடங்குகிறது. இது ஒலி உறிஞ்சுதல். ஆனால் அதே மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்தால் பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் நிற்குமா? நிற்காது. அறைக்குள் பிறந்து அங்கேயே மோதித் திரும்பும் ஒலியைத்தான் அது விழுங்கும். சுவரைத் தாண்டி வரும் ஒலியை நிறுத்துவது அதன் வேலை இல்லை.

பக்கத்து வீட்டு மிக்சியை நிறுத்துவது செங்கல் சுவர். கனமாக, ஓட்டையின்றி இருப்பதால் காற்றில் வரும் ஒலியால் அதை அசைக்க முடிவதில்லை. இது ஒலித் தடுப்பு. இங்கே கணக்கெல்லாம் எடையைப் பற்றியது. பஞ்சு எவ்வளவு பஞ்சாக இருந்தாலும் சுவர் ஆகிவிடாது.

சரி, நம் வீட்டு மிக்சி? அதை வெறும் கடப்பாக்கல் மேடையில் வைத்து ஓட்டினால் மேடையில் இருக்கும் பாத்திரமெல்லாம் கிணுகிணுக்கும். அடியில் நாலாக மடித்த துணியைப் போட்டால் கிணுகிணுப்பு அடங்கும். மிக்சி போடும் சத்தம் மாறவில்லை. நடுக்கம் மேடைக்குப் போகும் வழிதான் அடைபட்டது. இதைப் பிரித்துவைத்தல் என்போம். டீகப்ளிங் என்று கடையில் சொன்னால் இதுதான்.

இதுவரை பார்த்தவை: தகட்டின் ஆட்டத்தை அடக்குவது தணிப்பு. உள்ளே சுற்றும் ஒலியை விழுங்குவது உறிஞ்சுதல். வெளியிலிருந்து வருவதை மறிப்பது தடுப்பு. நடுக்கம் கடக்கும் வழியை வெட்டுவது பிரித்துவைத்தல். நான் தரை முழுக்கச் செய்தது முதல் வேலை. என் காருக்குத் தேவைப்பட்டது மூன்றாவதும் நான்காவதும்.

பத்து மிக்சி கணக்கு

டெசிபல் என்பது ஒலியின் அளவைச் சொல்லும் அலகு. இது வீட்டுக் கணக்குபோல ஏறுவதில்லை. ஒலியின் சக்தி இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். நம் காதோ இதைவிட மந்தம். பத்து மடங்கு சக்தி கூடினால்தான் அதற்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றும்.

ஒரு மண்டபச் சமையலறையில் ஒரே மாதிரி பத்து மிக்சி ஓடுகிறது என்று வையுங்கள். ஐந்தை நிறுத்துகிறீர்கள். பாதியை நிறுத்திவிட்டோம், ஆனால் அளவுமானி 3 டெசிபல்தான் இறங்கும். காதுக்கு 'கொஞ்சம் குறைந்த மாதிரி' இருக்கும், அவ்வளவுதான். 'பாதியாகிவிட்டது' என்று தோன்ற வேண்டுமா? ஒன்பதை நிறுத்த வேண்டும்.

கார் இரைச்சலைக் குறைக்கக் கிளம்பி ஏமாந்தவர்களின் கதை முழுவதும் இந்தச் சமையலறைக்குள் இருக்கிறது. இரைச்சல் டயரிலிருந்தும் காற்றிலிருந்தும் எஞ்சினிலிருந்தும் இடுக்குகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வருகிறது. அதில் ஒன்றை மட்டும் முழுமையாக அடைத்தாலும் மற்றவை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். எது மிகச் சத்தமான மிக்சியோ அதை முதலில் நிறுத்தினால் தவிர மற்றதை நிறுத்தியது காதுக்கே தெரியாது.

செல்போனில் டெசிபல் ஆப் வைத்து முன்பும் பின்பும் அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான அளவுகள் மனிதக் காதைப் போலக் கீழ் ஒலிகளுக்கு மதிப்பெண் குறைத்துப் போடும் முறையில் வருபவை. 100 ஹெர்ட்ஸில் (அதாவது வினாடிக்கு 100 முறை அதிரும் ஒலியில்) சுமார் 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். அதனால் மண்டைக்குள் 'ங்ங்' என்று கனத்த இரைச்சல் நன்றாகக் குறைந்திருந்தாலும் ஆப்பில் ஒன்றிரண்டுதான் இறங்கியிருக்கும். ஒரே சாலை, ஒரே வேகம், ஜன்னல் மூடி, ஏசி அணைத்து அளந்தால் ஓரளவு ஒப்பிடலாம்.

இரைச்சல் எந்த வழியாக வருகிறது

நகரத்துக்குள் 40-இல் போகும்போது கேட்பது பெரும்பாலும் எஞ்சின். 60-ஐத் தாண்டினால் டயர் முந்திக்கொள்ளும். 100-ஐ நெருங்கும்போது காற்றும் சேர்ந்துகொள்ளும். காற்றின் இரைச்சல் வேகத்தோடு வெகு வேகமாக ஏறக்கூடியது. 50-இலிருந்து 100-க்குப் போனால் சுமார் 18 டெசிபல் கூடிவிடும்.

டயர் இரைச்சல்தான் நம் சாலைகளில் பெரிய தலைவலி. தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சாலையில் ஏறும் இடத்தில் சட்டென்று சுருதி மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். இந்த இரைச்சல் இரண்டு வழியாக வருகிறது. சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த பகுதி, டயரிலிருந்து சஸ்பென்ஷன் வழியாக உலோகத்தையே பிடித்துக்கொண்டு ஏறி, தரையையும் தகடுகளையும் ஆட்டும். அதற்கு மேலே உள்ள 'ஸ்ஸ்' பகுதி காற்றில் பரவி, சக்கரத்தின் மேலுள்ள வளைவுத் தகட்டைத் தாண்டியும் கதவு இடுக்குகளில் நுழைந்தும் வரும். முதலாவதைத் தணிப்பு கொஞ்சம் குறைக்கும். இரண்டாவதுக்குத் தடுப்பும் அடைப்பும் வேண்டும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. டயருக்குள் அடைபட்ட காற்றே ஒரு குடத்தைப் போல ஒத்ததிரும். சாதாரண கார் டயர்களில் இது 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வாக்கில் வரும். பாலத்தின் இணைப்பில் ஏறும்போது 'டொங்' என்று ஒரு மெல்லிய மணியோசை கேட்டால் அதுதான். காருக்குள் எத்தனை அடுக்கு ஷீட் ஒட்டினாலும் இதன் பிறப்பிடத்தைத் தொட முடியாது. சில டயர்க் கம்பெனிகள் டயரின் உட்சுவரிலேயே ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டித் தருவது இதற்காகத்தான்.

இடுக்கு விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தால், மிச்சம் 99 பங்கும் கோட்டைச் சுவராகவே இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் அதனால் தடுக்க முடியாது. ஓட்டைக் குடத்தின் சுவரைத் தடிமனாக்கி என்ன பயன்? பழைய காரில் கதவு பீடிங் (கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை) காய்ந்து தட்டையாகியிருந்தால் முதல் செலவு அங்கேதான். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவு இடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தால் பீடிங் வேலை செய்யவில்லை.

கடையில் கிடைப்பவை

பளபளக்கும் ஷீட்டுகளில் இரண்டு சாதி. ஒன்று பியூட்டைல் ரப்பர். சைக்கிள், லாரி டியூப்களில் காற்றைப் பிடித்துவைக்கும் அதே ரப்பர் குடும்பம். சாதாரண ரப்பர்ப் பந்தைப் போட்டால் துள்ளும். பியூட்டைலில் பந்து செய்து போட்டால் சோற்று உருண்டை மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடும். துள்ள வேண்டிய சக்தியை உள்ளேயே தின்றுவிடுவதுதான் அதன் குணம். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னொன்று தார் கலந்தது. விலை குறைவு. கூரை ஒழுகலுக்கு ஒட்டும் டேப்பும் பெரும்பாலும் இந்த இனம்தான். கார் கம்பெனிகளும் தார்த் தகடுகளைத் தரையில் விரித்து, பெயின்ட் காய வைக்கும் அடுப்பின் சூட்டிலேயே உருக்கிப் படியவைப்பது உண்டு. ஆனால் நாம் கையால் ஒட்டும் தார் ஷீட்டுக்கு அந்த அடுப்புப் பக்குவம் கிடைப்பதில்லை. மே மாதம் வெயிலில் நிறுத்திய காரில் அது இளகும், நாறும், கூரையில் ஒட்டினால் ஒருநாள் தலையில் விழும். வாங்கும் முன் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்து மடக்கிப் பாருங்கள். தார் என்றால் விறைத்து ஒடியும். பியூட்டைல் வளையும். இன்னொரு துண்டை வெயிலில் வையுங்கள். ரோடு போடும் வாசனை வந்தால் அதற்கு மேல் விசாரிக்க வேண்டாம்.

கறுப்பு ஃபோம் ஷீட்டுகளிலும் இரண்டு வகை. குமிழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியிருப்பது மூடிய ஃபோம். நீரைக் குடிக்காது. ஒலியையும் பெரிதாகக் குடிக்காது. பிளாஸ்டிக்கும் தகடும் உரசாமல் பிரித்துவைப்பதற்கு அது. குமிழிகள் ஒன்றுக்கொன்று திறந்திருப்பது பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு இனம். அது ஒலியைக் குடிக்கும், நீரையும் குடிக்கும். கதவுக்குள் போட்டால் மழைக்குப் பிறகு ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த மாதிரி. தகடு துருப்பிடிக்கும்.

உறிஞ்சும் பஞ்சுக்கு ஒரு எல்லையும் உண்டு. ஒலியலையின் நீளத்தில் கால் பங்கு கனம் இருந்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். 2 சென்டிமீட்டர் பஞ்சு 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில் நன்றாக விழுங்கும். 100 ஹெர்ட்ஸ் டயர் முழக்கத்தை விழுங்க 85 சென்டிமீட்டர் வேண்டும். அவ்வளவு பஞ்சை அடைத்தால் நாம் எங்கே உட்காருவது?

தடுப்புக்கென்றே கனமான வினைல் விரிப்பு வருகிறது. சதுர மீட்டருக்கு 5 கிலோ வாக்கில் இருக்கும். தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் கிடைக்கும் என்பது பொது விதி. இதை நேராகத் தகட்டோடு ஒட்டக்கூடாது. கீழே மூடிய ஃபோம், அதன் மேல் வினைல், அதன் மேல் மேட்டிங். தகட்டின் ஆட்டம் வினைலுக்குப் போகாமல் நடுவில் ஃபோம் மிக்சித் துணிபோலப் பிரித்துவைக்கும்.

அடிப்பக்கம் அடிக்கும் கறுப்புப் பூச்சைப் பற்றியும் கேட்பார்கள். துருவுக்கு நல்லது. கல் தெறிக்கும் சத்தம் கொஞ்சம் மட்டுப்படும். 'கேபின் அமைதியாகிவிடும்' என்றால் நம்ப வேண்டாம்.

பாட்டுக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்

வீட்டு ஸ்பீக்கருக்குப் பெட்டி இருக்கிறது. காரில் கதவுதான் பெட்டி. அதுவும் பெட்டி செய்யத் தெரியாதவன் செய்த பெட்டி.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று விரிகிறது. இரண்டும் நேரெதிர். கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். ஜன்னல் மெக்கானிசத்தைப் பொருத்துவதற்காக விட்டவை. அதன் மேல் கம்பெனி ஒட்டியது மெல்லிய பாலிதீன் தாள் மட்டும். அது மழைநீருக்கான திரை, ஒலிக்கு ஒரு பொருட்டே இல்லை. பின்னால் பிறந்த எதிர் ஒலி அந்த ஓட்டை வழியாக முன்னால் வந்து, முன் ஒலியோடு சேர்ந்து அதைத் தின்றுவிடும். ஒருவன் ஊஞ்சலை முன்னால் தள்ள, இன்னொருவன் அதே நேரம் பின்னால் இழுப்பதுபோல. கீழ் ஒலிகளின் அலை மீட்டர் கணக்கில் நீளம் என்பதால் அவைதான் இப்படி முழுதாக அழியும். 100 ஹெர்ட்ஸ் அலை சுமார் மூன்றரை மீட்டர். மேல் ஒலிகள் தப்பித்துவிடும். பேஸ் இல்லாமல் சலசலவென்று பாட்டு கேட்பதற்கு இதுதான் காரணம். புது ஸ்பீக்கர் வாங்கிப் போட்டும் 'முன்ன மாதிரியேதான் இருக்கு' என்பவர்களின் கதவை நான் முதலில் சந்தேகப்படுவேன்.

வேலை மூன்று. வெளித்தகட்டின் உட்புறம், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால், பியூட்டைல் ஷீட். உள்தகட்டின் ஓட்டைகளை அலுமினியத் தகடு வைத்தோ கனமான ஷீட்டாலோ அடைப்பது. ஸ்பீக்கரின் முகத்துக்கும் டோர் பேடுக்கும் (கதவின் உட்புறம் நாம் பார்க்கும் பிளாஸ்டிக் மூடி) நடுவில் ஃபோம் வளையம் போட்டு, ஒலி பேடின் முதுகுக்குப் போகாமல் நேராக நம்மிடம் வரச் செய்வது. இந்த மூன்றில் நடுவிலிருப்பதுதான் காதுக்கு உடனே தெரியும். டேம்பிங் போட்டதும் பேஸ் வந்தது என்பார்கள். ஓட்டையை அடைத்ததும் வந்த பேஸ் அது. பெயர் மட்டும் ஷீட்டுக்குக் கிடைத்துவிட்டது.

இரைச்சல் குறைவதால் பாட்டுக்குக் கிடைப்பது வேறொரு லாபம். சிறிய கார்களில் 80-இல் போகும்போது உள்ளே 65 முதல் 70 டெசிபல் வரை இருப்பது சாதாரணம். அதில் பெரும்பகுதி கீழ் ஒலி. கீழ் ஒலி இரைச்சல் பாட்டின் கீழ் ஒலியைத்தான் முதலில் மூடும். நிறுத்திய காரில் கேட்ட தவில் நெடுஞ்சாலையில் காணாமல் போவது இதனால்தான். நாம் பேஸைத் திருகுவோம். டோர் பேடின் கிளிப்புகள் கிறுகிறுக்கும். அதற்கும் ஸ்பீக்கரைத் திட்டுவோம்.

எதை முதலில் செய்வது

என்னைக் கேட்டால் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவேன். டயரில் காற்று கம்பெனி சொன்ன அளவில் இருக்கிறதா, தேய்மானம் ஒழுங்கா என்று பார்ப்பது முதல் வேலை. அடுத்தது பீடிங். பிறகு கதவுகள், ஏனென்றால் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் சேர்ந்து பலன் அங்கேதான். பின்சக்கர வளைவும் டிக்கியும் அடுத்தது. ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் நமக்கும் நடுவில் சுவரே இல்லை. தரையில் கடைசியாகக் கை வைத்தால் போதும். அப்படி வைத்தால் ஷீட்டோடு நிறுத்தாமல் ஃபோமும் வினைலும் சேர்த்துச் செய்யுங்கள். கூரை, மழை படபடப்புக்கு மிக நல்லது. ஆனால் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள காரில் கூரையின் ஓரங்களையும் தூண்களையும் தொடவே கூடாது. அது விரியும் வழியில் எதுவும் இருக்கக்கூடாது. சில கார்களின் கதவுக்குள் மோதலை அறியும் அழுத்த உணரியும் இருக்கும். அப்படி இருந்தால் ஓட்டைகளை அடைக்கும் முன் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் ஆளிடம் கேட்டுக்கொள்வதே நல்லது.

ஒட்டும்போது தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். ரோலரால் அழுத்தி உருட்டி, ஷீட்டின் மேலுள்ள புடைப்பு வடிவம் தட்டையாகும் வரை விடக்கூடாது. நடுவில் காற்று மாட்டினால் அங்கே ஷீட் சும்மா படுத்திருக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் ஹீட் கன் பிடித்துச் சூடாக்குவார்கள். நமக்கு மதியம் இரண்டு மணி போதும். கையுறை கட்டாயம். அந்த அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி. என் வலது கட்டை விரலில் இன்னும் கோடு இருக்கிறது.

கதவின் அடிவிளிம்பில் சிறுசிறு ஓட்டைகள் இருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. எதை அடைத்தாலும் அதை அடைக்காதீர்கள்.

எல்லாம் ஒழுங்காக முடிந்து, டயர் முழக்கமும் அடங்கி, முதல்முறை நெடுஞ்சாலையில் போகும்போது புதிதாக ஏதோ ஒன்று 'டிக், டிக்' என்று கேட்கும். பயந்துவிடாதீர்கள். அது நேற்றும் இருந்தது. இரைச்சலுக்கு அடியில் படுத்திருந்தது, அவ்வளவுதான். என் காரில் அது பின்சீட்டு பெல்ட்டின் கொக்கி. தூணின் பிளாஸ்டிக்கில் தட்டிக்கொண்டே வந்திருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து.